வலது பக்கமும் உடைத்தேன்

விழுப்புரம் ஜங்ஷனில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ரிட்டயர் ஆனவன் நான், மரியஅந்தோணி. என் கோட்டைக் கண்டதும் டிக்கெட் இல்லாதவன் மட்டுமல்ல, டிக்கெட் வைத்திருந்தவனும் ஓடும் ரயிலிலிருந்து குதித்திருக்கிறான். அப்பேர்ப்பட்டவனுக்கு ஒரு பைக்கைப் பிரிப்பது பெரிய காரியமா?

பைக் என் மகன் ஆஸ்வினுடையது. பாயப் போகிற சிறுத்தை மாதிரி நிற்கும். இஞ்சினே வெளியில் தெரியாது. இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் கவசம். அதற்கு ஃபேரிங் என்று பெயராம். அவனுக்கு வேலை திண்டிவனத்தில். வண்டியை சர்வீஸுக்கு விடுவதும் அங்கேதான், கலீல் ரஹ்மான் பாய் பட்டறையில். சர்வீஸ் முடிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை, நண்பனின் கல்யாணத்துக்காகப் பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறினான்.

"ப்பா, வண்டிய தொடச்சிக்கினு இரு, வேணாங்கல. ஸ்பேனர மட்டும் தொடாத."

ஸ்பேனரைத் தொடவில்லை. எல் மாதிரி வளைந்த ஆலன் கீயைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லையே!

இஞ்சினை ஒருமுறை கண்ணால் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. செல்போனில் ஒரு வீடியோவை ஓடவிட்டு, வாசலில் உட்கார்ந்தேன். இடது பக்கத்துப் போல்ட்டுகள் ஒவ்வொன்றாகக் கழன்று உள்ளங்கையில் விழ விழ எனக்குப் பத்துப் பத்து வயதாகக் குறைந்துகொண்டே வந்தது. இன்னும் நாலு போல்ட் இருந்திருந்தால் தொட்டிலில்தான் போட்டிருக்க வேண்டும். "இப்போ ஃபேரிங்கை மெதுவா முன்னால தள்ளி, அப்புறம் வெளியே எடுங்க" என்றான் வீடியோக்காரன். அந்த நேரம் பார்த்து என் மனைவி அக்னஸ் உள்ளேயிருந்து, "வாசல் பூரா கடை போட்டுக்கினு இன்னா பண்றீங்க?" என்று குரல் கொடுத்தாள்.

அவசரத்தில் நேராக இழுத்துவிட்டேன்.

டப்!

மேல்மலையனூர் வரைக்கும் கேட்டிருக்கும். ஃபேரிங்கின் உள்பக்கம், பெட்ரோல் டாங்கோடு மாட்டிக்கொள்கிற பிளாஸ்டிக் லாக் உடைந்து மடியில் விழுந்தது. கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். பசை போட்டு ஒட்டி, எல்லாவற்றையும் பழையபடி மாட்டினேன். அக்னஸிடம்கூட மூச்சு விடவில்லை.

நான் வாயைத் திறக்காவிட்டால் என்ன, வண்டி திறந்தது. ஆஸ்வின் திரும்பி வந்து ஓட்டியபோது, வேகம் எடுத்ததும் ஃபேரிங் படபடவென்று அடித்துக்கொண்டது. வீட்டுக்கு வந்து உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தான்.

"லாக் ஒடஞ்சிருக்கு. பாய் பண்ண வேலதான். ஒட்டி வேற குடுத்துக்கீறாரு பாரேன்!"

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தேன். திறந்த வாயில் ஒரு இட்லியைப் போட்டுக்கொண்டேன்.

லீவு நாளில் அவன் சண்டைக்குக் கிளம்பினான். நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். மகன் கத்துவான், பாய் பதிலுக்குக் கத்துவார், நான் நடுவில் புகுந்து இரண்டு பேரையும் சமாதானம் செய்வேன், எல்லோரும் டீ குடித்துவிட்டுக் கலைவோம். இதுதான் என் திட்டம். ஆனால் முண்டியம்பாக்கம் தாண்டும்வரை முழங்காலுக்குப் பக்கத்திலேயே அந்த ஃபேரிங், "நீதான், நீதான், நீதான்" என்று அடித்துக்கொண்டு வந்தது. விக்கிரவாண்டி டோல்கேட்டில் வேகம் குறைந்தபோது கொஞ்சம் வாயை மூடியது. தாண்டியதும் மறுபடி ஆரம்பித்தது.

பட்டறையில் கலீல் பாய் இருந்தார். அவருக்குச் சாப்பாடு கொண்டுவந்த மனைவி ஷமீமும் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஆஸ்வின் கத்தினான். பாய் பதிலுக்குக் கத்தவில்லை. ஃபேரிங்கைக் கழற்றி, ஒட்டிய லாக்கை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நான்தான் ஒடச்சிருப்பேன் தம்பி. ஒட்டுன ஞாபகம் இல்ல. ஆனா நான்தான் கழட்டுனேன்."

"கேட்டீங்களா!" ஷமீம் எழுந்தார். "கண்ணு தெரியல, கண்ணு தெரியலன்னு நான் தலபாடா அடிச்சிக்கினேன். பட்டறைய மூடுங்கன்னு சவுதிலேர்ந்து மவன் தெனம் சொல்றான். கேட்டாத்தானே? இன்னிக்கி ஊரான் வூட்டுப் புள்ள வந்து பேசிட்டுப் போவுது."

பாய் கையை அழுக்குத் துணியில் துடைத்தார். விரல் விரலாகத் துடைத்தார்.

"சரி ஷமீம், நீ ஜெயிச்ச. இந்த வண்டியோட நிறுத்திக்கிறேன்."

ஆஸ்வின் காற்றுப் போன டியூப் மாதிரி நின்றான். ஒரு நகத்தளவு பிளாஸ்டிக் ஒரு மனிதரின் பட்டறையையே இழுத்து மூடுகிறது!

"பாய், நீங்க இல்ல. நான்தான் ஒடச்சேன்."

யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ப்பா, சும்மா இருப்பா" என்றான் ஆஸ்வின். "இவரு இப்பிடித்தான் பாய். போன மாசம் மரக்காணத்துல வெறுங்கையால சுறா புடிச்சேன்னாரு. பையத் தொறந்தா அரைக் கிலோ நெத்திலி."

"இல்லடா, சத்தியமா…"

"பெரிய மனசுண்ணே உங்களுக்கு" என்றார் பாய். அதற்கு அவர் என்னை அறைந்திருக்கலாம்.

ஷமீம் கருவிகளை எடுத்துப் பெட்டியில் போட ஆரம்பித்தார். அவர் கையிலிருந்து ஆலன் கீயைப் பிடுங்கிக்கொண்டு வண்டியின் வலது பக்கம் போய் உட்கார்ந்தேன். கடகடவென்று போல்ட்டுகளைக் கழற்றினேன்.

"ப்பா! இன்னா பண்ற?"

"அன்னிக்கி இப்பிடித்தான் குந்தினேன். இப்பிடித்தான் புடிச்சேன். உங்கம்மா கத்துனா. இப்பிடித்தான்…"

நேராக இழுத்தேன். டப்!

பாய் பழைய லாக்கையும் பசையிலிருந்து பிய்த்தெடுத்து, இரண்டு துண்டுகளையும் உள்ளங்கையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலால் தடவினார். இரண்டும் ஒரே இடத்தில், ஒரே சாய்வாக உடைந்திருந்தன. அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

"மொதல்ல முன்னால தள்ளணும்ணே."

"வீடியோவுலயும் அதான் சொன்னான் பாய்."

பாய் சிரித்த சிரிப்பில் பட்டறைத் தகரக் கூரை பறந்து ஒலக்கூரில் போய் விழுந்திருக்கும். ஆஸ்வின் சிரிக்கவில்லை. டிக்கெட் இல்லாமல் கழிவறையில் ஒளிந்திருந்தவனை நான் எப்படிப் பார்ப்பேனோ, அப்படி என்னைப் பார்த்தான். அப்புறம், "மன்னிச்சிக்குங்க பாய்" என்று சொல்லிவிட்டு, புது ஃபேரிங்குக்குப் போன் போட ரோட்டுக்குப் போனான்.

"அது வர்ற வரைக்கும் கம்பி வச்சிக் கட்டித் தர்றேன்" என்று பாய் உற்சாகமாக உட்கார்ந்தார். நான் ஃபேரிங்கைப் பிடித்துக்கொண்டேன், அசையாமல், மூச்சுகூட விடாமல்.

போல்ட்டை எடுத்து ஓட்டையில் வைத்தார். அது ஓட்டைக்குப் பக்கத்தில் போய் முட்டியது. மறுபடி வைத்தார். மறுபடியும் விலகியது. பிறகு இடது கைச் சுட்டுவிரலால் ஓட்டையைத் தடவிக் கண்டுபிடித்து, அந்த விரலை ஒட்டியே போல்ட்டைத் திருகினார்.

நிமிர்ந்தேன். ஷமீம் டீ கிளாஸோடு என் பக்கத்தில் நின்றிருந்தார்.

"பாத்தீங்கல்லண்ணே?" என்றார், பாய்க்குக் கேட்காத குரலில்.

கிளாஸை வாங்கிக்கொண்டேன்.

"டீ நல்லாருக்கும்மா" என்றேன். இன்னும் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.