மடக்கு சைக்கிளின் பிரேக்

வெய்க்கோ பிரேக்கைப் பிடித்தார், விட்டார், மறுபடியும் பிடித்தார். பனிக்கட்டியில் வழுக்காமலிருக்க ஆணி பதித்த டயர்கள் இரண்டையும் மாட்டியாகிவிட்டது. நடுவில் மடங்கும் கீலுக்குக் குளிரில் இறுகாத கிரீஸ் தடவியாயிற்று. பழைய பிரேக் கம்பியை எறிந்துவிட்டுப் புதியதைக் கோத்திருந்தார். இருந்தும் இன்னொரு முறை பிடித்துப் பார்த்தார்.

அவர் மனைவி சிர்க்கா வாசற்படியில் நின்று கையுறையை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் எத்தன தடவ அதோட கையப் பிடிப்ப? கல்யாணத்தன்னிக்குக்கூட எங்கைய இவ்வளவு நேரம் பிடிச்சதில்ல நீ."

வெய்க்கோவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஊலு நகரத்தில் பனிக்காலத்தில் யாரும் சைக்கிளை வீட்டுக்குள் கொண்டுபோவதில்லை. முற்றத்திலேயே கிடக்கும், காலையில் பனியைத் தட்டிவிட்டு ஏறிப் போவார்கள். சிர்க்காவுடையது மட்டும்தான் மடக்கு சைக்கிள். பக்கத்து ஊர்ப் பள்ளிச் சமையலறைக்கு அதை ரயிலில் ஏற்றிக்கொண்டு போய் வருகிறாள். போன பனிக்காலத்தில் ஒரு மாலை, நனைந்து கிடக்கிறதே என்று இரக்கப்பட்டு, வெய்க்கோதான் அதை மடக்கி உள்ளே கொண்டுவந்து கணப்பருகே வைத்தார். ஒட்டியிருந்த பனி உருகிப் பிரேக் கம்பியின் உறைக்குள் இறங்கியது. மறுநாள் காலைக் குளிரில் அந்தத் தண்ணீர் கல்லாய் உறைந்துவிட்டது. சரிவில் பிரேக் பிடிக்காமல், பனி வாரும் வண்டிக்கு முன்னால் போய் விழுந்தாள். வண்டிக்காரன் ஒடித்துத் திருப்பியதால் மணிக்கட்டு எலும்பு முறிந்ததோடு போயிற்று. அன்றிலிருந்து சிர்க்கா அவரைக் குறையாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதுதான் அவரை அரித்தது.

"இந்த வருஷம் பஸ்ல போயேன், சிர்க்கா."

"பஸ்ஸு ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள ரயில் போயிடும். வேலைய விட்டுட்டு உம் மூஞ்சியப் பாத்துக்கிட்டே உக்காரவா?"

"நான் ஒருதடவ கீழ வரைக்கும் ஓட்டிப் பாத்துடறேன்."

"நீ விழுந்தா யாரு தூக்குறது, கெழவா? எங்கைக்குள்ள இரும்புத் தகடு இருக்கு, மறந்துட்டியா?"

சொன்ன பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தாள். அவருடைய தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டு, சைக்கிளில் ஏறிக் கிளம்பிவிட்டாள்.

ஆணிகள் பனிக்கட்டியைக் கடிக்கும் சத்தம் சரசரவென்று சரிவில் இறங்கியது. திருப்பத்தில் மரங்கள் அவளை மறைத்தன. சத்தம் மட்டும் வேகம் கூடிக்கொண்டே போயிற்று. கீழே சாலையில் ஏதோ பெரிய வண்டி உறுமியது.

"பிடி. இப்பப் பிடி," என்று மேலே நின்றபடியே முணுமுணுத்தார் வெய்க்கோ.

ஆணிச் சத்தம் சட்டென்று நின்றது.

"சிர்க்கா!"

பூட்ஸ் மாட்டாமல் வாசலில் நின்றிருந்த வெய்க்கோ, வீட்டுக்குள் போடும் கம்பளிக் காலுறையோடே ஓடினார். நாலு எட்டுக்குள் கால் வழுக்கியது. விழவில்லை, ஆனால் நிற்கவும் முடியவில்லை. அவள் பிரேக் பிடித்து நின்றாளா, விழுந்தாளா என்று தெரியாமலே, கைகளை விரித்தபடி திருப்பத்தை நோக்கிச் சறுக்கிக்கொண்டே போனார். அவருக்கு முன்னால், பனிக்கட்டியில் ஆணி குத்திய புள்ளிகள் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தன.