ஐந்தாவது காப்பு

தண்ணீர்ச் செம்பை ஜபருல்லாவின் கையிலிருந்து காமாரியா பிடுங்கினாள்.

"நீங்க வெளிய போங்க மச்சான். நான் ஊத்துறேன்."

"ஆம்பளைங்க இத்தனை பேரு இருக்கோம்லா. நீ எதுக்கு?"

"எதுக்கா? படுத்திருக்கிறது என் புருசன்."

பெண்டாட்டி இறந்த புருசனைக் குளிப்பாட்டலாம், மார்க்கத்தில் தடையில்லை என்று லெப்பை மெதுவாகச் சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். வாசலுக்கும் முற்றத்துக்கும் நடுவில் மூங்கில் கழியைக் கயிற்றில் தொங்கவிட்டுத் திரை கட்டியிருந்தார்கள். ஜபருல்லா அதை விலக்கிக்கொண்டு வெளியே போனார். தம்பி மவுத்தானதைவிடத் தம்பி பெண்டாட்டி ஊர் முன்னால் குரலை உயர்த்தியதுதான் அவருக்குப் பெரிய விஷயமாகப் போய்விட்டது. திரைக்கு அந்தப் பக்கம் நின்று இரண்டு முறை தொண்டையைச் செருமினார்.

காமாரியா வலது கையிலிருந்து ஆரம்பித்தாள். விரல், மணிக்கட்டு, முழங்கை. ஒரு கீறல் இல்லை. விலாவில் இல்லை, தோளில் இல்லை. உச்சந்தலையில் மட்டும் நாலு விரல் நீளத்துக்குப் பிளந்திருந்தது. அவள் அந்த இடத்தில் தண்ணீரை ஊற்றாமல் செம்பைப் பிடித்தபடி நின்றாள். பிறகு ஊற்றினாள்.

அவள் புருசன் ஷேக் அலாவுதீன் மைதானத்துப் பக்கம் இருந்த வாள் பயிற்சிக் கொட்டகையில் வேலை பார்த்தவர். தொரைமார்கள் பட்டாளத்து வாள்வீச்சு பழகும் இடம். வாளுக்கு எண்ணெய் போட்டுத் துடைக்கிற ஆளாகத்தான் சேர்ந்தார். பழகுகிற தொரைக்கு எதிரில் நிற்க ஒருவன் வேண்டும், திருப்பி வெட்டாதவனாக இருக்க வேண்டும் என்று அங்கிருந்த சார்ஜன் தேடியபோது இவர் கண்ணில் பட்டார். அன்றையிலிருந்து அதுதான் வேலை. தொரை வெட்டுவார், இவர் தடுப்பார். தடுக்க மட்டும்தான் உத்தரவு.

தடுக்கிற நிலைக்குக் காப்பு என்று பெயர். மொத்தம் ஆறு. ஒன்றும் இரண்டும் வாளின் முனையைத் தரைக்குத் தொங்கவிட்டு விலாவுக்கு. மூன்றும் நாலும் முனையை மேலே தூக்கித் தோளுக்கும் கன்னத்துக்கும். ஐந்தாவது தலைக்கு. வாள் நெற்றிக்கு மேல் குறுக்கே படுத்திருக்க, பிடி வலது பக்கம் நிற்கும். ஆறாவதும் தலைக்குத்தான், பிடி மட்டும் இடது பக்கம். சார்ஜன் ஒரு தடவைதான் காட்டுவான். மீதியை இவர் வீட்டில் பழகினார். விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு வந்ததும் முற்றத்தில் பிரம்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார். வெட்டுகிற தொரை காமாரியா. அவள் ஆயுதம், கந்தூரிச் சோறு கிண்டுகிற நீளக்காம்பு அகப்பை.

"ம், போடு. எங்க வேணா போடு."

மூன்று வருஷம் போட்டாள். ஒருநாள் கூடப் பட்டதில்லை. கருவாடு தீய்ந்ததற்கு அவர் திட்டிய அன்றைக்கு, ஒரு வார்த்தை சொல்லாமல் முதுகுக்குப் பின்னாலிருந்து போட்டாள். திரும்பி, கையிலிருந்த சோற்றுத் தட்டால் தடுத்தார். சோறு முற்றம் முழுக்க இறைந்தது. "நாலு," என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்து கோபமே கெட்டுப்போனது.

பதினைந்து நாளைக்கு முன்புதான் அந்தச் சனியன் பிடித்தது. ஒரு சின்னத் தொரை கட்டிக்கொள்ளப் போகிற பெண் கப்பலில் வருகிறாளாம். அவள் பார்க்க ஒரு பந்தயம். கடைசி வெட்டு உச்சந்தலையில் விழ வேண்டும், அலாவுதீன் விட்டுக்கொடுக்க வேண்டும் என்று சார்ஜன் சொல்லிவிட்டான். பிரம்புதான், வலிக்காது என்றும் சொன்னான்.

"விட மாட்டேங்குது காமாரியா," என்றார் அன்றைக்கு வந்து. "கை தன்னால எந்திரிச்சுப் போயிருது. சார்ஜன் கத்துறான்."

"கத்துனா கத்தட்டும்லா. அடிக்க வந்தா தடுக்காம?"

"வேலை போயிரும்டி."

கோழி மேய்த்தாலும் கும்பெனியில் மேய்க்கணும் என்று ஜபருல்லா வேறு வந்து ஓதிவிட்டுப் போனார். அப்புறம் காமாரியாதான் வழி கண்டுபிடித்தாள். தன் முந்தானைத் துணியால் அவர் மணிக்கட்டை இடுப்போடு கட்டினாள். கட்டிவிட்டு அகப்பையால் தலையில் தட்டினாள். ஐந்து நாள் கட்டிவைத்து, ஆறாம் நாள் அவிழ்த்தாள். கை எழுந்தது. மறுபடி கட்டினாள். பத்தாம் நாள் அவிழ்த்தபோது கை தொங்கியபடியே இருந்தது. அகப்பை உச்சந்தலையில் 'டொக்' என்று விழுந்தது. அவள்தான் கைதட்டினாள். அடுப்பிலிருந்த பாசிப்பயற்றுக் கஞ்சியில் இன்னொரு கரண்டி சர்க்கரை போட்டுக் கொடுத்தாள்.

செம்பு கையிலிருந்து நழுவித் தரையில் உருண்டது. லெப்பை திரும்பாமலே, "என்னம்மா?" என்றார்.

"ஒண்ணுமில்ல."

கஃபன் துணி சுற்றி முடித்தபோது கொட்டகையில் கணக்கு எழுதுகிற கிராணி சின்னையா வந்திருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்றார். கையில் ஒரு காகிதம். கூடவே அப்துல் ரசாக், அங்கே வாள் எடுத்துக் கொடுக்கிறவன். நேற்று உயிர் போன உடம்பை வண்டியில் கொண்டு வந்தவனும் அவன்தான்.

"இங்கிலீஸ்ல இருக்கு. வாசிச்சுச் சொல்லுறேன்," என்றார் சின்னையா. "'ஐந்தாவது காப்பை எடுக்கத் தவறியதால், தன் கவனக்குறைவினால் ஏற்பட்ட மரணம்.' வீட்டு ஆளுங்க கையெழுத்துப் போட்டா இப்பவே அடக்கம் பண்ணிக்கலாம். இல்லேன்னா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயி அறுத்துப் பாக்கணும்பாங்க."

காமாரியா அடுப்படிக்குப் போனாள். அகப்பையோடு திரும்பி வந்தாள். வாசலில் இருந்தவர்கள் விலகிக்கொண்டார்கள்.

"தவறுச்சா? ரசாக்கு, நீ சொல்லு. தவறுச்சா?"

ரசாக் தரையைப் பார்த்தான். "பிரம்புலதான் ஆரம்பிச்சாங்கக்கா. கடைசி வெட்டுக்கு அந்தத் தொரை பிரம்பை வீசிட்டு இரும்பு வாள எடுத்தாரு. கூர் இல்லாத மொட்டை வாளு. அந்தம்மா பாத்துக்கிட்டு இருந்துச்சு. தொரை மூஞ்சிக்குக் கம்பி வலை இருந்துச்சு, அண்ணனுக்குத் தலைப்பாதான். நான் கத்துனேன்க்கா. அண்ணன் வாளைப் பாத்தாரு. கை அசையவே இல்ல."

"எப்படி அசையும்?" என்றாள் காமாரியா. "அசையாதேன்னு சொன்னது யாரு? கிராணி, அதை எழுதுங்க. சார்ஜன் தடுக்க வேணாம்னு சொன்னான், தொரை இரும்பை எடுத்தான்னு எழுதுங்க. நானே கைநாட்டு வைக்கிறேன்."

"எழுதுனா என் வேலை போயிரும்மா."

"எழுதாமலே எனக்குப் புருசன் போயிட்டாங்க."

சின்னையா காகிதத்தை ஜபருல்லா பக்கம் நீட்டினார். ஜபருல்லா முன்னால் வந்து காகிதத்தை வாங்கினார்.

"போடாதீங்க மச்சான். ஆயிரம் வெட்டு தடுத்த மனுசன். தடுக்கத் தெரியாமச் செத்தாருன்னு எழுதி வச்சிருக்கான். உங்க தம்பி அவரு."

"அப்ப அறுக்கச் சொல்றியா?" ஜபருல்லாவின் கண் கலங்கியிருந்தது. "சொல்லு காமாரியா. உன் வாயால சொல்லு. காகிதத்தைக் கிழிச்சுப் போடுறேன்."

அவள் கஃபன் துணியைப் பார்த்தாள். சற்று முன்புதான் கற்பூரம் வைத்துச் சுற்றியது. அவளால் சொல்ல முடியவில்லை. சொல்ல முடியாதபடி இரண்டு பக்கமும் அடைத்துவிட்டு ஒரு காகிதத்தைக் கொடுத்தனுப்பியிருக்கிறான்கள். மைதானத்துப் பக்கம் போய் அந்தக் கொட்டகைக்கே தீ வைக்க வேண்டும் என்றிருந்தது அவளுக்கு. அதைவிட, பத்தாம் நாள் தட்டின தன் இரண்டு கைகளையும் முதலில் அடுப்பில் வைக்க வேண்டும் என்றிருந்தது.

பேனா கிறீச்சிட்டது. ஜபருல்லா மைத்துளியை ஊதிவிட்டுக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

உடம்பை வைத்த மூடியில்லாத சந்தூக்குப் பெட்டியைத் தூக்கினார்கள். தலைமாட்டில் ஜபருல்லாவும் ரசாக்கும். பெண்களை உள்ளே போகச் சொல்லி யாரோ குரல் கொடுத்தார்கள். காமாரியா போகவில்லை. திரை ஓரத்திலேயே நின்றாள், அகப்பை கையில் தொங்கியபடி. சின்னையா செருப்பை மாட்டிக்கொண்டு காகிதத்தை நாலாக மடித்தார்.

வாசல் குறுகல். சந்தூக் திரும்பும்போது ஜபருல்லாவின் தோள் திரைக் கயிற்றில் மாட்டியது. அவர் இழுத்தார். கயிறு அறுந்து, மேலே இருந்த மூங்கில் கழி துணியோடு அலாவுதீனின் தலைக்கு நேராக விழுந்தது.

கழி தலையில் படவில்லை.

காமாரியாவின் மணிக்கட்டு மேலே ஏறியிருந்தது. அகப்பைக் காம்பு அவர் நெற்றிக்கு மேல் குறுக்கே, பிடி வலது பக்கம், மூங்கிலைத் தாங்கிக்கொண்டு நின்றது. அவள் எப்போது கையைத் தூக்கினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"அஞ்சு," என்றான் ரசாக், மூச்சுக்குள்.

சின்னையா காகிதத்தைச் சட்டைப் பைக்குள் வைக்கப் போனவர், அப்படியே நின்றுவிட்டார்.

"போங்க," என்றாள் காமாரியா. சந்தூக் அவள் கைக்குக் கீழே நகர்ந்து, படியிறங்கி, தெருவுக்குப் போனது. அவள் கையை இறக்கவில்லை.