முந்திக்கொண்ட சத்தம்

நாற்பத்து மூன்று வயதில் சர்ஃப்ஸ்கேட் ஓட்டக் கற்றுக்கொள்வதை கோமளா அலுவலகத்தில் யாரிடமும் சொல்லவில்லை. சிரிப்பார்களே என்று இல்லை. எதற்கு என்று கேட்பார்கள். அதற்கு அவளிடம் பதில் கிடையாது.

பலகை அவளிடம் வந்து சேர்ந்ததே தற்செயல்தான். கூட வேலை பார்த்த நிஷா கனடாவுக்குக் கிளம்பும்போது வீட்டுச் சாமான்களை ஆளுக்கொன்றாகத் தலையில் கட்டினாள். ஒருத்திக்கு மிக்ஸி, ஒருத்திக்கு துளசித் தொட்டி, கோமளாவுக்கு இந்தப் பலகை. பார்க்க சாதாரண ஸ்கேட் போர்டு மாதிரிதான் இருந்தது. ஆனால் முன் சக்கரங்கள் மாட்டியிருந்த அச்சு கதவுக் கீல் போல இரண்டு பக்கமும் திரும்பியது. காலால் தரையை உந்தவே வேண்டாம். இடுப்பையும் தோளையும் திருப்பினால் போதும், அலைமேல் போவதுபோல வளைந்து வளைந்து போகும் என்று நிஷா சொல்லியிருந்தாள். விருதுநகர்க்காரியான கோமளா கடலை முதல்முதலாகப் பார்த்ததே கல்லூரிச் சுற்றுலாவில்தான். இருந்தாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரவேற்பறையில் சோபாவைத் தள்ளிவிட்டு அதன்மேல் ஏறி நின்று பார்த்தாள். இறங்க மனம் வரவில்லை.

காட்டுப்பாக்கத்தில் அவள் தனியாகக் குடியிருந்த அடுக்குமாடியில் தரைக்குக் கீழே இரண்டு தளம் வண்டி நிறுத்த இடம் இருந்தது. அடித்தளத்தில் மழைக்காலத்தில் தண்ணீர் ஊறும் என்பதால் எல்லோரும் மேல்தளத்திலேயே நெருக்கியடித்து நிறுத்துவார்கள். வழவழப்பான சிமென்ட் தரையும், வரிசையாகத் தூண்களும், கோடியில் மோட்டார் அறையுமாக அடித்தளம் சும்மாவே கிடந்தது. கோமளா விடியற்காலை ஐந்து மணிக்கு அங்கே இறங்குவாள். வாசலில் இரவுக் காவலிருக்கும் ராயப்பனுக்கு மட்டும் விஷயம் தெரியும்.

"கை காலு ஜாக்கிரதம்மா. இந்த வயசுல எலும்பு ஒடஞ்சா சேராது," என்பார் தினமும்.

"எனக்கு என்ன வயசாயிருச்சுண்ணே?" என்று கேட்டுக்கொண்டே கோமளா முட்டிக் கவசங்களை இறுக்குவாள்.

வளைந்து ஓட்டுவது ஒரு மாதத்தில் பழகிவிட்டது. சறுக்கித் திரும்புவதுதான் வரவில்லை. வேகமாகப் போகும்போதே சட்டென்று குந்தி, முன்பக்கக் கையைத் தரையில் ஊன்றி, உடம்பின் பாரத்தை அந்தக் கைக்கும் முன்காலுக்கும் கொடுத்துவிட வேண்டும். அதே நேரத்தில் பின்காலால் பலகையின் வாலை வெளியே தள்ளினால் சக்கரங்கள் 'ஸ்ர்ர்ர்' என்று தரையைத் தேய்த்துக்கொண்டு அரைவட்டம் போகும். பிறகு கையை மையமாக வைத்துப் பலகையைத் திரும்ப இழுக்க வேண்டும். வீடியோவில் பார்த்தால் தண்ணீர் பட்டபாடு. கோமளா செய்தால் சக்கரம் தரையைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். அவள் மட்டும் போய் விழுவாள். இரண்டு மாதம் விழுந்தாள். இடுப்பில் கன்றிப்போன இடம் மஞ்சளாகி, பச்சையாகி, மறுபடி நீலமானது.

அந்தச் சத்தத்தை முதலில் கேட்டது ஒரு செவ்வாய்க்கிழமை. கோடியிலிருந்து, மோட்டார் அறைப் பக்கமிருந்து, 'ஸ்ர்ர்ர்' என்று ஒரு சறுக்கல். எதிரொலி என்று நினைத்துக்கொண்டு அடுத்த தடவைக்கு எழுந்து நின்றாள். நின்ற பிறகுதான் உறைத்தது. அவள் சறுக்கவே இல்லையே. சக்கரம் மாட்டிக்கொண்டு விழுந்தல்லவா கிடந்தாள்!

மோட்டார் அறைக் கதவில் பூட்டுத் தொங்கியது. சுற்றிலும் யாருமில்லை.

மறுநாளும் கேட்டது. இந்தத் தடவை வேகமாக வந்துகொண்டிருக்கும்போதே, குந்துவதற்கு ஒரு நொடி முன்னால். யோசிக்க நேரமில்லை. பாட்டின் தாளத்தை எடுத்துக்கொள்வதுபோல உடம்பு அந்தச் சத்தத்தை எடுத்துக்கொண்டது. கை தரையைத் தொட்டது, வால் வெளியே போனது, அரைவட்டம் சுற்றித் திரும்பி வந்தது. விழவில்லை. அவள் பலகை எழுப்பிய சத்தமும் சற்றுமுன் கேட்ட சத்தமும் நீளத்தில்கூட ஒன்றாயிருந்தன.

பயந்திருக்க வேண்டும். ஆனால் கோமளாவுக்கு வந்தது சந்தோஷம். இரண்டு மாதம் வராதது ஒரே நொடியில் வந்துவிட்டதே! பத்தே நாளில் வலப்பக்கம், இடப்பக்கம், கையை ஊன்றாமல் என்று எல்லாச் சறுக்கல்களும் கைகூடின. ஒவ்வொன்றுக்கும் முன்னால் அந்தச் சத்தம் கேட்கும். அது கேட்டால் அவளுக்கும் வரும். ஏதோ ஒரு தூண் எதிரொலிக்கிறது, முன்னாலா பின்னாலா என்பது காதின் குழப்பம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். சாஃப்ட்வேரில் பிழை கண்டுபிடிப்பதுதான் அவள் உத்தியோகம். இந்தப் பிழையை மட்டும் கண்டும் காணாமல் விட்டாள்.

இடைவெளியோ நாளுக்கு நாள் நீண்டது. ஒரு நொடி பத்து நொடியானது. பிறகு அரை நிமிடம்.

ஒருநாள் சோதித்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தாள். கோடியில் சத்தம் கேட்டது. நீளமான, இடப்பக்கச் சறுக்கல். 'சரி, இப்போது நான் சறுக்கமாட்டேன்' என்று ஓடும் பலகையிலிருந்து குதித்து நின்றுவிட்டாள். ஆளில்லாத பலகை ஏழெட்டு அடி நேராகப் போனது. அங்கே ஈரம் இருந்ததோ என்னவோ, தானாக வாலைத் திருப்பி, ஒரு ஆள் ஏறி நின்று அழுத்துவதுபோல் அழுத்தமாக, 'ஸ்ர்ர்ர்' என்று இடப்பக்கம் சறுக்கி நின்றது. அதே நீளம்.

கோமளா போய்த் தரையைத் தடவிப் பார்த்தாள். ஈரமில்லை.

பலகையை எடுத்துக்கொண்டு மேலே வந்தவளிடம் ராயப்பன் தேநீரை நீட்டினார். அவர் முகம் சரியாக இல்லை.

"ஒண்ணு கேக்கட்டாம்மா? நீங்க படிக்கட்டு வழியா ஒரு தபா போய்ட்டு, அப்பால லிஃப்டுல இன்னொரு தபா வரீங்களா?"

"இல்லையே. ஏன்ணே?"

"ஒரு வாரமா பாத்துகினு கீறேன். கீழ சக்கரம் ஓட்ற சத்தம் கேக்குது. சரி, அம்மா எறங்கிட்டாங்கன்னு நெனச்சிக்கிறேன். பாத்தா, அதுக்கப்புறந்தான் நீங்க லிஃப்டுலேர்ந்து வெளில வந்து எனக்கு வணக்கம் சொல்றீங்க."

தேநீர் கோமளாவின் விரல்களைச் சுட்டது. கீழே வைக்கத் தோன்றவில்லை.

"போயிப் பாத்தீங்களா?"

"பாத்தேன். டார்ச் அடிச்சுப் பாத்தேன். ஒரு ஈ காக்கா இல்ல. ஆனா சத்தம் மட்டும் எம் பக்கத்துல வந்து திரும்பிச்சும்மா. காத்துகூட பட்டுச்சு." அவர் நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டார். "நீங்க வராத நாள்ல வர்றதில்ல. ஞாயித்துக்கெழம நீங்க வரல, அன்னைக்கு கப்சிப்."

இனிமேல் போகமாட்டேன் என்று அவரிடம் சொல்லிவிட்டு, நான்கு நாள் கோமளா கீழே போகவில்லை. நான்கு நாளும் எந்தச் சத்தமும் இல்லை என்று ராயப்பன் சொன்னார். ஐந்தாம் நாள் காலை ஐந்து மணிக்கு அவளுக்குத் தானாக விழிப்பு வந்தது. பலகையை எடுக்கலாமா வேண்டாமா என்று படுக்கையில் உட்கார்ந்திருந்தாள். அந்தத் திருப்பம், கை தரையைத் தொட உலகமே ஒரு சுற்றுச் சுற்றிவரும் அந்த இரண்டு நொடி, அவளுக்கு வேண்டியிருந்தது. ஏழு வருடத் தனிமையில் அவளுக்கென்று வேண்டும் என்று தோன்றிய முதல் விஷயம் அது. எழுந்து போனாள்.

அன்று லிஃப்ட் இறங்கும்போதே கேட்டுவிட்டது. புதிய சத்தம்: அரைவட்டத்தோடு நிற்காமல் முழு வட்டம். அவள் அதுவரை முயன்றே பார்க்காதது. கீழே போய் முயன்றாள். வந்தது.

அடுத்த புதன்கிழமை ராயப்பனின் மேசையருகே நின்று கையுறை மாட்டிக்கொண்டிருந்தாள். அடித்தளத்துக்குப் போகும் சரிவுப் பாதை அவர்களுக்கு நேர் எதிரே இருந்தது. அங்கிருந்து சத்தம் கிளம்பியது. இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். சக்கரம் வேகமெடுத்தது. ஒரு சறுக்கல். அடுத்து முழு வட்டம். அதற்கும் மேலே, நிற்காமல், இன்னொரு வட்டம். பிறகு மரம் கான்கிரீட்டில் மோதும் 'டம்'. அதை ஒட்டியே, சாக்குமூட்டையைக் கீழே போட்டதுபோல் மெத்தென்று ஒரு சத்தம்.

நிசப்தம். கவிழ்ந்த பலகையின் சக்கரம் ஒன்று மட்டும் சுற்றிச் சுற்றி ஓய்வது கேட்டது.

கீழே, படியில் யாரோ தடதடவென்று இறங்கி ஓடும் சத்தம். "அம்மா! கோமளாம்மா! கண்ணத் தொறங்கம்மா... ஐயோ மாதாவே, ரத்தமா கீதே... யாராச்சும் வாங்களேன்!"

அது ராயப்பனின் குரல்.

ராயப்பனோ அவள் பக்கத்தில் வாயைத் திறக்காமல் நின்றுகொண்டிருந்தார். கண்கள் சரிவுப் பாதையிலேயே குத்திட்டிருந்தன. கையிலிருந்த டார்ச் நழுவி விழுந்து உருண்டது. கீழே இருந்த குரல் விசும்பத் தொடங்கியது. தன் அழுகையைத் தானே கேட்டுக்கொண்டு நின்ற அந்த மனிதரின் முகத்தை கோமளாவால் பார்க்க முடியவில்லை. அவர் கையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். பூந்தமல்லி சாலையில் முதல் பேருந்துகள் போக ஆரம்பித்திருந்தன. எதிரே மூடியிருந்த கடையின் படியில் இருவரும் உட்கார்ந்தார்கள்.

"நான் இனிமே கீழ போகமாட்டேன்ணே," என்றாள் கோமளா. "சத்தியமா."

"போவ மாட்டேன்னுதான் அன்னைக்கும் சொன்னீங்க."

அவளுக்குச் சுருக்கென்றது.

ராயப்பன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். பிறகு ஒரு தீர்மானத்துக்கு வந்தவராக, "அங்க கத்துனது நானுதானே?" என்றார். "அப்போ அது நடக்கணும்னா நான் அங்க இருக்கணும். நான் இல்லன்னா யாரு கத்துறது? ஒருத்தரு கொறஞ்சாலும் அது நடக்காதும்மா. நான் போய்டறேன்."

"வேலைய விட்டுட்டா? அண்ணே, அஞ்சு வருஷமா இருக்கீங்க!"

"வேல இன்னாம்மா வேல. இந்தக் கேட்டு இல்லன்னா இன்னொரு கேட்டு. உங்க தலையத் தூக்கி மடில வெச்சிகினு அழ என்னால முடியாது."

அன்று காலை ஏழு மணிக்கு ஷிஃப்ட் முடிந்து போனவர் திரும்பி வரவில்லை. விட்டுவிட்டுப் போன சைக்கிளை எடுக்கக்கூட மகனைத்தான் அனுப்பினார். அவர் இடத்துக்குக் கோவிந்தன் என்ற ஒருவர் வந்தார். அதிகம் பேசாத மனிதர். கோமளா பலகையைப் பரணில் ஏற்றினாள். லிஃப்டில் தரைத்தளத்துக்குக் கீழே இறங்கவே இல்லை.

மூன்று வாரம் கழித்து, அலுவலகம் போகும் வழியில் கோவிந்தன் அவளைத் தயக்கத்தோடு நிறுத்தினார்.

"மேடம், நீங்க நாலாவது மாடிங்களா?"

"ஆமா."

"கீழ்ப் பார்க்கிங்ல யாருக்காச்சும் சாவி குடுத்திருக்காங்களா? காலைல அஞ்சு மணிக்கு ஜனங்க பேசற மாதிரி கேக்குது. மொதல்ல ஒரு ஆம்பளக் குரல் அழுதுச்சு. அதுக்கடுத்த வாரம் நெறையப் பேரு ஓடற சத்தம், ஸ்ட்ரெச்சர் தள்ற மாதிரி சத்தம். ரெண்டு நாளா பொம்பளைங்க குரல் மட்டும் மெதுவா கேக்குது. போயிப் பாத்தா யாரும் இல்ல." அவர் அவள் முகத்தைப் பார்த்துப் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். "நேத்து ஒரு பொம்பள சொல்லிச்சு மேடம். நாலாவது மாடி கோமளா, பாவம், ஊர்லேர்ந்து ஆளுங்க வந்து எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்கன்னு. கோமளா நீங்கதானே?"

கோமளா தலையை மட்டும் ஆட்டினாள். கீழே இருந்த அது அவளுக்காக நிற்கவில்லை. அவள் விழுந்ததாகவே வைத்துக்கொண்டு தன் போக்கில் போய்க்கொண்டிருந்தது. அவள் செத்து, எடுத்து, ஊர் பேசி முடித்த பிறகான நாட்களில் அது இருந்தது. அவளோ கையில் சாப்பாட்டுப் பையோடு இங்கே நின்றுகொண்டிருந்தாள்.

அந்த வாரமே வீட்டைக் காலி செய்தாள். ஐயப்பன்தாங்கலில், தரைக்குக் கீழே எதுவும் இல்லாத மூன்று மாடிக் கட்டடத்தில் ஒரு வீடு கிடைத்தது. பலகையைத் தூக்கி எறியத்தான் நினைத்தாள். குப்பைத் தொட்டிவரை எடுத்துப்போய், திருப்பி எடுத்து வந்தாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் பூந்தமல்லியில் ஒரு கூடைப்பந்துத் திடலில் ஓட்டுகிறாள். வெயில் சுட்டெரிக்கும், சுற்றிலும் பிள்ளைகள் கத்திக்கொண்டிருக்கும். முன்னால் வந்து சொல்லிக்கொடுக்கும் சத்தம் எதுவும் இல்லை. அது இல்லாமல் அரைவட்டம்கூடப் பாதி நாள் வருவதில்லை. விழுகிறாள். விழுந்ததும் அப்படியே தரையில் கிடந்து, ஆகாயத்தைப் பார்த்து, கை கால்களை அசைத்துப் பார்த்துக்கொண்டு எழுகிறாள். இரண்டு வட்டச் சறுக்கலை மட்டும் அவள் முயல்வதே இல்லை.

ராயப்பன் மண்ணூர்பேட்டையில் ஒரு தொழிற்சாலை வாசலில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். அம்பத்தூருக்குப் போகும் அவளுடைய அலுவலக பஸ் அந்த வழியாகத்தான் போகும். சேர்ந்த புதிதில் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"இன்னும் ஓட்டிகினுதான் கீறீங்களா?"

"ஆமாண்ணே."

"ஓட்டுங்க. ஆனா எந்த எடம்னு எங்கிட்ட சொல்லாதீங்க. தெரிஞ்சா என்னிக்காச்சும் ஒரு நாள் பாக்கலாமேன்னு கால் வந்துடும்."

அவள் சொல்லவில்லை. பஸ் தொழிற்சாலையைத் தாண்டும்போது ஜன்னலோரமாகத் தள்ளி உட்காருவாள். அவர் கேட்டருகே நின்று கையை உயர்த்துவார். அவளும் உயர்த்துவாள். ஒருநாள்கூட அவள் அங்கே இறங்கியதில்லை. அவரும் கேட்டைத் தாண்டி ஓரடி வந்ததில்லை.