டாக்டர் க்ரோபெக்கின் கடைசிப் பதினொரு நிமிடம்

1

எமிலுக்குத் தோளிலிருந்து முழங்கை வரை வலி. முழங்கைக்குக் கீழே வலிகூட இல்லை, மரத்துக் கிடக்கிறது. இருபத்தாறு வருடம் காற்றுச் சுத்தியல் பிடித்து வார்ப்பிரும்பில் பிசிறு தட்டிய கை. பேனா கையில் இருப்பது அவனுக்குத் தெரியாது. கீழே விழுந்த சத்தம் கேட்டால்தான் விட்டுவிட்டது தெரியும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எமில் நான்தான். 'நான்' என்று மூன்று தடவை தொடங்கினேன். மூன்று தடவையும் நாலாவது வரியில் எனக்காக வாதாட ஆரம்பித்துவிட்டேன். 'அவன்' என்று எழுதினால் கொஞ்சம் கறாராக இருக்க வருகிறது.

கதை எழுத ஆசைப்பட்டு உட்காரவில்லை. செத்துப்போன என் அண்ணன் சிரில் பேசிய இரண்டு மூன்று வாக்கியங்களை இட்டுக்கட்ட வேண்டும், அதுவும் ஞாயிற்றுக்கிழமைக்குள். அதற்காக உட்கார்ந்தேன். அது வரவில்லை, இது வந்தது.

2

எங்கள் லொரேன் நகரத்து வானத்தில் வார்ப்படப் பட்டறையின் புகை ஒரு சாம்பல் நிறப்—

வேண்டாம். புகையைப் பற்றி எழுதினால் அழகாக வந்துவிடுகிறது. மறுபடி தொடங்குகிறேன்.

1988 அக்டோபர், ஒரு ஞாயிறு மதியம். சிரில் வீடியோ கடையிலிருந்து ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை வாடகைக்கு எடுத்து வந்திருந்தான். பைத்தியக்கார விஞ்ஞானி டாக்டர் க்ரோபெக், செத்த கூலியாட்களுக்கு ஒரு பெட்டியை மாட்டி மறுபடி மூச்சுவிட வைக்கிறார். சிரிலுக்கு அந்தப் படம் சொந்தமாக வேண்டும். நகல் எடுக்க இரண்டு வீடியோ பெட்டி வேண்டும், வீட்டில் இருந்தது ஒன்று. அதனால் பந்தை உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கிற பௌலிங் ஆட்ட விருந்துகளைப் படம் பிடிக்கப் பட்டறைத் தொழிற்சங்கம் வாங்கி வைத்திருந்த தோள் கேமராவை இரவல் வாங்கி, இஸ்திரிப் பலகை மேல் வைத்து, திரைச்சீலைகளை இழுத்து மூடி, டிவியையே படம் பிடித்தான்.

யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு போட்டவன் அவன்தான். அதிகம் பேசியவனும் அவன்தான். கேமரா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டது.*

* சிரில் மணல் அச்சுப் பிரிவில் வேலை பார்த்தவன். மார்புக்குள் மணல் போய்ச் சேர்ந்த இருமல். டேப்பில் டாக்டர் சிரிக்கும் இடத்திலெல்லாம் அதுவும் இருக்கிறது. எது சிரிப்பு, எது இருமல் என்று சில இடங்களில் எனக்கே பிடிபடவில்லை.

எமில் அன்று இரண்டு ஷிப்ட் சேர்த்துப் பார்த்துவிட்டு வந்திருந்தான். ஆய்வுக்கூடம் தீப்பிடித்தது அவனுக்கு ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு சோபாவில் தூங்கிவிட்டான்.

(இந்த வரியைக் கதையின் நடுவில் எங்காவது மறைத்து வைக்கலாமா என்று யோசித்தேன். இங்கேயே இருக்கட்டும்.)

3

சிரிலின் மனைவி வெரோனா பன்னிரண்டு வருடம் அவனிடம் ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த மணல் வேலையை விட்டுவிடு. அவன் சரி என்றதும் இல்லை, முடியாது என்றதும் இல்லை. உப்பை எடு என்பான்.

போன பிப்ரவரியில், ஆஸ்பத்திரியில், மூக்கில் குழாயோடு அவளிடம் சொன்னானாம்:

"நீ கேட்டதுக்குப் பதில் அந்த டேப்போட கடைசில இருக்கு. அன்னிக்கு நீ நூடுல்ஸ் பாத்திரத்தத் தூக்கிட்டு மாதா கோயில் ஹாலுக்குப் போனேல்ல, அப்பச் சொன்னது. எமிலும் இருந்தான்."

டேப் எமிலிடம் இருந்தது. மூன்று வருடமாக இருந்தது.

இனி அவன் செய்த காரியம். அதன்மேல் யாரும் எதையும் பதியக் கூடாதென்று டேப்பின் முதுகிலுள்ள சின்ன பிளாஸ்டிக் பல்லைச் சிரில் உடைத்து வைத்திருந்தான். எமில் அந்த ஓட்டையைப் பசை டேப்பால் அடைத்தான்; அடைத்தால் மறுபடி பதியும். பட்டறை லீக்கின் பௌலிங் இறுதி ஆட்டத்தில் அவன் ஆடுவதைப் பதிய ஒரு டேப் தேவைப்பட்டது. படத்தை ஓட்டிப் பார்த்து, ஆய்வுக்கூடம் எரிந்து இருட்டான இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து தன் ஆட்டத்தைப் பதிந்தான். இந்த மாதிரிப் படங்களில் ஆய்வுக்கூடம் எரிந்தால் படம் முடிந்தது. இதில் மட்டும் அதற்குப் பிறகும் பதினொரு நிமிடம் இருக்கிறது. தூங்கியவனுக்கு அது எப்படித் தெரியும்?

(பாருங்கள், வாதாடுகிறேன்.)

4

வெரோனா கேட்டாள் என்று எமில் டேப்பைக் கொண்டு போனான். தன் ஆட்டம் படத்துக்குப் பின்னால்தானே என்று எண்ணித் தைரியமாகவே போனான். கோஸ் இலைக்குள் கறி வைத்துச் சுருட்டியதை அவனுக்குத் தட்டில் வைத்துவிட்டு அவள் சிரிலின் நாற்காலியில் உட்கார்ந்தாள். இருமல் கேட்டதும் ஏப்ரனில் கை துடைத்தாள். டாக்டர் மூச்சுப் பெட்டியை முடுக்கியபோது சிரிலின் குரல் வந்தது: "இதுல ரெண்டு நம்ம பட்டறைக்கு வாங்கிப் போடணும்டா. ஃபோர்மனுக்கு மட்டும் குடுக்கக் கூடாது." அவள் சிரித்தாள்.

ஆய்வுக்கூடம் எரிந்தது. இருட்டியது. சட்டென்று கலர் வந்தது. எமில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு குதித்தான்.

"இது யாரு?" தெரிந்துதான் கேட்டாள்.

"நான்தான்."

"எதுக்குக் குதிக்கிறே?"

"ஸ்ட்ரைக் விழுந்துச்சு. ஒரே உருட்டுல பத்துக் கட்டையும்."

"மொத்தம் எவ்வளவு வந்துச்சு?"

"இருநூத்திப் பதினாலு."

"நல்ல ஸ்கோருதான்" என்றாள் வெரோனா. எழுந்து வந்து அவன் முன்னாலிருந்த தட்டை எடுத்துக்கொண்டு போனாள். அதில் இன்னும் இரண்டு பாக்கி இருந்தன.

சமையலறையிலிருந்து கேட்டாள்:

"டேப்புல இல்லேன்னா என்ன, உன் காதுல இருக்கும்ல. நீ அங்கதான இருந்தே. என்ன சொன்னான்?"

இந்த இடத்தில் எமில் 'தூங்கிட்டேன்' என்று சொல்லியிருக்க வேண்டும். யோசித்துச் சொல்வதாகச் சொன்னான்.

"ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு வா. வார்த்தைக்கு வார்த்த வேணும். நல்லதாத்தான் இருக்கணும்னு இல்ல. திட்டியிருந்தாலும் திட்டுனபடியே சொல்லு."

5

முயற்சி ஒன்று: 'அவ சொன்னது சரி, நான்தான் கேக்கல.' சிரில் தன் தப்பை முழு வாக்கியத்தில் ஒப்புக்கொண்டு நான் கேட்டதில்லை.

முயற்சி இரண்டு: 'வேற வேல எனக்குத் தெரியாது, அவ முன்னாடி அதச் சொல்ல வெக்கமா இருந்துச்சு.' இது அப்படியே அவன் குரலில் வந்துவிட்டது. அதனால்தான் பயமாக இருக்கிறது.

முயற்சி மூன்று: 'அவகிட்டச் சொல்லு, நான்—'

உண்மையில் என் காதில் இருப்பது ஒன்றே ஒன்று. தூக்கத்தின் அடியில் ஒரு குரல்: 'ஜன்னலைத் திறந்து வை. எனக்குப் போதும்.' மூன்று வருடமாக அதைச் சிரிலின் குரல் என்றுதான் வைத்திருந்தேன். புதன்கிழமை பக்கத்து ஊர்க் கடையில் அதே படத்தின் நல்ல பிரதி கிடைத்தது. கடைசிப் பதினொரு நிமிடத்தையும் பார்த்தேன். எரிந்த சுவருக்கு அடியில் கிடந்துகொண்டு டாக்டர் க்ரோபெக் சொல்கிறார், அதே வார்த்தைகளை.

அப்படியானால் சிரில் சொன்னது எது? டாக்டரோடு சேர்ந்து அவனும் சொன்னானா? அவன் பல வசனங்களை முன்கூட்டியே சொல்லிக் காட்டுவான். இல்லை, அவன் பேசியது வேறா? அந்தக் குரல் இருமியதாகக்கூட ஞாபகம் இருக்கிறது. டாக்டரும் இருமுகிறார். இதற்கு மேல் குடைந்தால் இல்லாததெல்லாம் ஞாபகம் வருகிறது.

6

ஞாயிறு. பூசை முடிந்து மணி அடித்துவிட்டது. எமில் கோட்டை மாட்டிக்கொண்டான். பித்தான் போட விரல் வரவில்லை, அப்படியே கிளம்பினான். பையில் முயற்சி இரண்டு எழுதிய காகிதம் இருக்கிறது. வாயில் 'தூங்கிட்டேன்' இருக்கிறது.

இனி நீங்கள் எழுதுங்கள். நீங்கள் சிரிலைப் பார்த்ததில்லை. சிரில் பேசிய அந்தப் பதினொரு நிமிடத்தை நானும் கேட்கவில்லை. இந்த விஷயத்தில் நாம் ஒரே பெஞ்சு. காகிதத்தைக் கொடுத்தால் அவள் இன்றைக்குத் தூங்குவாள். கொடுக்காவிட்டால் அந்தத் தட்டு எனக்கு மறுபடி வராது. வெரோனா கதவைத் திறக்கிறாள் என்று தொடங்குங்கள்.

எப்படி முடித்தாலும் இந்த ஒரு வரியை மட்டும் அடிக்காதீர்கள்: வெரோனாவுக்கு நான் தர வேண்டியது, அவள் புருஷனின் பதினொரு நிமிடம்.