துண்டுக்கடியில் மூன்று மாதம்

பதினோரு சவரன், ஒரு சைக்கிள். இருபது வயதும், எஸ்.எஸ்.எல்.சி. தேறிய மூளையும், பத்து விரலும் உள்ள என்னை ஏற்றிக்கொண்டு போவதற்குப் புத்தூர்க்காரர்கள் கேட்ட விலை அது. சித்தூர் வெல்ல மண்டியில் தரகு பார்த்தே தலை நரைத்த என் நைனா திருவேங்கடம், சரக்கைக் கொடுத்தால் காசு வாங்குகிறவர். சரக்கையும் கொடுத்து, காசையும் கொடுத்து, கையையும் கூப்பி நிற்கிற வியாபாரம் பெண்ணைப் பெற்றவனுக்கு மட்டும்தான் வாய்க்கும். பேரம் மண்டி வழக்கப்படியே நடந்தது. மாப்பிள்ளையின் மாமா தாமோதரன் கையை நீட்டினார். நைனா தோள்துண்டை எடுத்து இரண்டு கைகளின்மேலும் போட்டார். எந்தக் கணக்கு என்பதை மட்டும் வாய்விட்டுச் சொல்லலாம்: சவரன். எத்தனை என்பதைத் துண்டுக்கடியில் எதிராளியின் விரல்களைப் பிடித்துத்தான் சொல்ல வேண்டும். சுற்றி நிற்கிறவன் பார்க்கவும் கூடாது, கேட்கவும் கூடாது. சுண்டுவிரல் நகத்தை அழுத்தினால், மிச்சத்தை அப்புறம் பேசலாம் என்று அர்த்தம். துண்டுக்குள் நீட்டிய கையை மறுப்பது மரியாதை இல்லை. முடித்த பேச்சைத் திருப்புகிறவன் மறுநாள் மண்டிக்கு வர வேண்டியதில்லை.

இந்தப் பாஷை எனக்கு மண்டியில் வரவில்லை, அடுக்களையில் வந்தது. விருந்தாளி எதிரில் உட்கார்ந்திருக்கும்போது எத்தனை பேருக்கு உலை வைப்பது என்று அம்மா முந்தானைக்கடியில் நைனாவின் விரலைப் பிடித்துத்தான் கேட்பாள்.

மிஷன் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஓட்டுக் கட்டடம் ஒன்றில், தபீதாள் டீச்சர் மூன்று பழைய மெஷின்களை வைத்துப் பெண்களுக்கு டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்தார். "மாப்ள அமையற வரைக்கும் போய்க்கினு இரு" என்று நைனா அனுப்பியிருந்தார். அப்போது திருத்தணி மதராஸுக்கு, சத்தியவேடு ஆந்திராவுக்கு என்று எல்லை பிரிந்துகொண்டிருந்தது. அண்ணன் தம்பி பாகம் பிரித்தால் இரண்டு பேருக்கும் நஷ்டம், பத்திரம் எழுதுகிறவனுக்கு மட்டும் லாபம். தாலுகா பிரிந்தாலும் அப்படித்தான். ஒவ்வொரு காகிதத்துக்கும் நகல் வேண்டும். டைப்ரைட்டிங் லோயர் பரீட்சை தேறினால் தாலுகா ஆபீசில் பெண்களையும் எடுப்பார்கள் என்று டீச்சர் விசாரித்து வந்து சொன்னார். அன்றிலிருந்து எனக்கு இருந்த இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. சோற்றுத் தட்டின் விளிம்பில் அடித்தேன், சுவரில் அடித்தேன், முதுகு பிடித்துவிடச் சொன்ன அம்மாவின் முதுகிலும் அடித்தேன். பரீட்சை ஆவணிக் கடைசியில், திருப்பதியில். "திருப்பதிக்குப் போறவங்க முடியத்தான் குடுப்பாங்க. நீ வெரலக் குடுக்கப் போறியா?" என்றாள் அம்மா. அதற்குள் புத்தூர் அமைந்துவிட்டது. கல்யாணம் ஆனியில். நான் சொல்கிற நாளில் வைகாசி முடிய நாலு நாள் பாக்கி.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம், எழுத்துக் கட்டைகளைப் பார்த்துப் பார்த்து அடிப்பது. டீச்சர் அலமாரியிலிருந்து வெள்ளைத் துண்டு ஒன்றை எடுத்து வந்து கட்டைகளையும் என் கைகளையும் சேர்த்து மூடினார்.

"கண்ணா அடிக்கப் போவுது? வெரலுதானேடி அடிக்கணும். உன் சுண்டுவெரலு முதலாளி வூட்டுப் புள்ளையாட்டம். வேலைக்கே வர மாட்டேங்குது."

மற்ற பெண்கள் சிரித்தார்கள். டீச்சர் தன் கையையும் துண்டுக்குள் விட்டு, என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து இடத்தில் அழுத்தினார். அந்த நேரம் பார்த்து வாசலில் நிழல் விழுந்தது. முகூர்த்தம் குறிக்க ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்ட தாமோதரனைக் கூட்டிக்கொண்டு, என்னை அழைத்துப்போக நைனா வந்து நின்றார்.

அவர் பார்த்தது ஒரு துண்டு, அதற்கடியில் இரண்டு பேர் கை. அவர் முகத்தில் கோபம் வரவில்லை. மண்டிச் சிரிப்பு வந்தது. அது கோபத்தைவிட மோசம்.

"எவ்ளோக்கு முடிச்சீங்க, டீச்சரம்மா?"

"எத முதலாளி?"

"எம் பொண்ணத்தான். பையன் எந்த ஊரு? உங்களுக்கு கமிஷன் எவ்ளோ?"

பக்கத்து மெஷின்கள் நின்றன. டீச்சர் பதறித் துண்டைத் தூக்கிக் காட்டினார். "ஐயோ, பேரம் இல்ல முதலாளி! பாக்காம அடிக்கணும். அதுக்குத்தான் மூடறது."

"பாக்காம இன்னா வேல? பாக்காம நாங்க வெலதான் போடுவோம்."

தாமோதரன் மெஷினைச் சுற்றி வந்து, வாங்கப்போகிற மாட்டைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "எங்க மண்டில கணக்குப்புள்ள கீறான். பொண்ணுக்கு இன்னாத்துக்கு இதெல்லாம்? எழுந்து வாம்மா, ஆனில நல்ல நாள் பாக்கணும்."

எழுந்தால் அந்த நாற்காலி போச்சு என்று எனக்குத் தெரியும். கல்யாணத்தைத் தள்ளி வை என்று மாப்பிள்ளையின் மாமா எதிரிலேயே மகள் கேட்டால் நைனாவுக்குத் தலை நிமிராது. எனக்கோ அறைதான் விழும். டீச்சர் கையிலிருந்த துண்டை வாங்கிக் கட்டைகளின்மேல் விரித்து, வலது கையை உள்ளே விட்டேன்.

"நைனா," என்றேன். "மாசம்."

நைனாவின் புத்தி யோசிப்பதற்குள் கை உள்ளே வந்துவிட்டது. எத்தனை வருஷப் பழக்கம்! அவருடைய மூன்று விரல்களைப் பிடித்தேன்: மூன்று மாதம் போனால் பரீட்சை முடிந்திருக்கும். அவர் உதறிவிட்டு என்னுடைய ஒன்றைப் பிடித்தார். மறுபடி மூன்று. மறுபடி ஒன்று. வெளியே அவர் முகம் ஓட்டில் பல்லி பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் கை இவ்வளவு சொரசொரப்பாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை; எத்தனை ஊர் வெல்லத்துக்கு விலை சொன்ன கை, என் கையைப் பிடித்து எத்தனை வருஷமாயிற்று? மூன்றைவிட்டு நான் இறங்கவில்லை. திடீரென்று என் இரண்டு விரல்களைச் சேர்த்துப் பிடித்து இறுக்கினார். முடிந்தது. கையை எடுக்கும்போது அவர் கட்டைவிரல் என் சுண்டுவிரல் நகத்தின்மேல் பட்டது. அழுத்தினாரா, வழுக்கியதா?

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "ஆனி வேணாம் தாமோதரன். ஆவணி மொத முகூர்த்தத்துல வச்சிக்கலாம்."

"இப்பத்தானே ஆனின்னே! உள்ள எவ்ளோக்கு முடிஞ்சுது?"

"எடுத்த துண்டுக்கு அடில இன்னா இருந்துதுன்னு கேக்கறது எந்த ஊரு மண்டி வழக்கம்? வா, போண்டா துன்னுட்டு பேசலாம்." வாசலில் நின்று திரும்பாமலே சொன்னார்: "நீ முடிச்சிக்கினு வா."

ஆவணி முதல் முகூர்த்தம். பரீட்சை அந்த மாதக் கடைசியில். நடுவில் புத்தூர்.

"அடியே, உங்கப்பா என் துண்ட எடுத்துக்கினு போறாரு!" என்றார் டீச்சர்.

கட்டைகள் மூடாமல் கிடந்தன. நான் குனியவில்லை. ஜன்னல் வழியே, கேட்டைத் தாண்டிப் போகிற அந்த வெள்ளைத் துண்டையே பார்த்துக்கொண்டு ஒரு வரி அடித்தேன். பிறகு காகிதத்தைப் பார்த்தேன். எல்லா எழுத்தும் கறுப்பாக விழுந்திருந்தது, சுண்டுவிரல் அடித்தது மட்டும் வெளிறி, இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல்.

கேட்டது மூன்று. முடிந்தது இரண்டு. பாக்கி ஒன்று, சுண்டுவிரல் பேரில்.