கேட்க முடியவில்லை

போன் லைன் கட்டாகிக் கிடந்ததை அழகுத்தாய் கவனித்தபோது, கம்ப்யூட்டர் திரை மட்டும் சாவதானமாக 'ஆள் இல்லை' என்றது. அவள் கேட்டிருந்தது ஓ பாசிட்டிவ். ராஜபாளையத்தில் தெருவுக்குப் பத்துப் பேருக்கு அந்த ரத்தம்தான். போன மாதம் இதே திரையில் வந்த 'ஆள் இல்லை' அவளுக்கு நினைவு வந்தது.

ரத்தம் கொடுப்பவர்களின் விவரமெல்லாம் அவள் வேலை பார்த்த கம்ப்யூட்டர் சென்டரின் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கிளையில் இருந்தது. ராஜபாளையம் சென்டரிலிருந்து போன் லைன் வழியாகக் கேட்டால் பெயர் திரையில் வரும். 1998இல் அதுவே பெரிய காரியம். அதற்கான புரோகிராமை எழுதியவள் அவள்தான். போன மாதம் சேத்தூர் ஆண்டிச்சாமி, பிரசவத்தில் ரத்தம் போய்க்கொண்டிருந்த மனைவி வெள்ளத்தாய்க்காக பி நெகட்டிவ் கேட்டு ஓடிவந்தார். இல்லை என்று வந்தது. காரில் மதுரைக்குக் கொண்டுபோனார்கள். வெள்ளத்தாய் பிழைத்தாள், பிள்ளை தங்கவில்லை.

லைன் திரும்பியதும் பி நெகட்டிவ் கேட்டுப் பார்த்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் ஒருவர் இருந்தார். போன மாதத்துக்கு முன்பே பதிந்த பெயர். அன்றைக்கும் லைன்தான் போயிருக்கிறது.

தப்பு, வெளியிலிருந்து வாங்கிய லைப்ரரியில் இருந்தது. எந்த டேட்டாபேஸோடும் பேசி விவரம் வாங்கித் தரும் ஆயத்த புரோகிராம் அது. ஆள் இல்லாவிட்டாலும் வெறுங்கையோடு திரும்பும், லைன் போனாலும் வெறுங்கையோடு திரும்பும். அதைத் திறந்து திருத்த வழியில்லை. வாங்கின சாமான் அப்படி, நீ என்ன செய்வே, விடு என்றார் முதலாளி சுந்தரபாண்டியன். ஆண்டிச்சாமியிடம் சொல்லவும் வேண்டாம் என்றார்.

அவளால் விட முடியவில்லை. லைப்ரரியின் கிளாஸ் என்ற அச்சிலிருந்து சப்கிளாஸ் என்ற வாரிசு ஒன்றை எழுதினாள். மற்ற வேலையெல்லாம் மூலத்திலிருந்து அப்படியே வரும். கேட்கிற ஒன்றை மட்டும் இது தன் வழியில் செய்யும். முதலில் லைன் இருக்கிறதா என்று பார்க்கும். போயிருந்தால் 'கேட்க முடியவில்லை, வேறு போனில் விசாரிக்கவும்' என்று சொல்லும். வயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் சோதித்தாள். அந்த வரி சரியாக வந்தபோது சந்தோஷம் வரவில்லை. வெள்ளத்தாயின் முகம்கூடத் தனக்குத் தெரியாதே என்று இருந்தது.

மறுவாரம் ஆண்டிச்சாமியே வந்தார். ரத்தம் கொடுப்பவர்களில் தன் பெயரையும் பதிய வேண்டுமாம்.

"அண்ணே, அன்னைக்கு இல்லைன்னு சொன்னது தப்புண்ணே. ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஆள் இருந்திருக்காக. லைன் கட்டானது எங்களுக்குத் தெரியாமப் போச்சு."

உள்ளறையில் முதலாளியின் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. ஆண்டிச்சாமி அவளையே பார்த்தார். வெளியே மில் பஸ் ஆட்களை இறக்கிவிட்டுப் போனது.

"இனிமே வார ஆளுக்கு அப்படி ஆகாதுல்லா?"

"ஆகாதுண்ணே."

ஆண்டிச்சாமி ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, சட்டைக் கையை முழங்கைக்கு மேலே மடித்துவிட்டு, ரத்தம் எடுக்கத் தருவதுபோல் கையை மேசைமேல் நீட்டினார். இங்கே பெயரும் குரூப்பும் மட்டும் போதும் என்றாள். அவர் காதில் விழுந்ததோ என்னவோ, நரம்பு புடைத்த அந்தக் கை கீபோர்டுக்குப் பக்கத்தில் அப்படியே இருந்தது.