எடை பார்த்து வாங்கிய கேமரா

எதை வாங்கினாலும் கையில் தூக்கி எடை பார்த்துத்தான் வாங்குவார் அழகப்பன். சிராங்கூன் ரோட்டில் நகைக்கடை வைத்திருக்கிறவருக்கு அந்தப் புத்தி கூடவே பிறந்தது. கத்திரிக்காயானாலும் கேமராவானாலும் கனமாக இருந்தால் உசத்தி.

மகள் சந்திரமதியின் கல்யாணத்தைத் தானே படம் எடுப்பதாகக் கிளம்பினார். ஹை ஸ்த்ரீட் கடைகளில் நல்ல நல்ல கேமராக்களைக் காட்டினார்கள். உள்ளங்கையில் வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். கடைசியில், வெள்ளைக்காரப் பட்டாளம் கழித்துப்போட்ட ஒன்றைச் சுங்கை ரோட்டுப் பழஞ்சாமான் சந்தையிலிருந்து அம்மிக்கல்லைப்போல் தூக்கி வந்தார். அவர் மனைவி சிவகாமசுந்தரி தலையில் அடித்துக்கொண்டாள்.

அவளுடைய தம்பி மருதப்பன் செம்பவாங் கப்பல் தளத்தில் வேலை பார்ப்பவன். பார்த்ததும் விழுந்து விழுந்து சிரித்தான்.

"அத்தான், இது ப்ளேன்ல மாட்டி ஊரைப் படம் பிடிக்கிறதுலா! தூரத்துல இருக்கிறதுதான் தெரியும். பக்கத்துல நிக்கிற மனுஷன் தெரிய மாட்டான்."

"கப்பலுக்குச் சாயம் அடிக்கிறவன் எனக்குப் பாடம் சொல்றியா? என் பொண்ணு கல்யாணத்துல உன் தலை தெரியக் கூடாது!"

தாய்மாமன் இல்லாமல் ஒரு கல்யாணமா? சிவகாமசுந்தரி அழுதாள், கெஞ்சினாள், பட்டினி கிடந்தாள். மனிதர் மசியவில்லை. உப்புப் பெறாத சிரிப்புக்காக உறவையே அறுத்துப்போடுகிற வீரத்தை என்னவென்று சொல்ல?

கோயில் மண்டபத்தில் காலை முகூர்த்தம். மகளைத் தாரைவார்த்துக் கொடுத்த ஈரக் கையோடு எழுந்து ஓடினார் அழகப்பன். தாலி ஏறும்போது பெற்றவர் அட்சதை போடவில்லை, கேமராவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். மாமன் போட வேண்டிய மாலையை ஒன்றுவிட்ட உறவு ஒன்று போட்டது. தம்பி வராத வாசல் பக்கம் சிவகாமசுந்தரி திரும்பவே இல்லை. திரும்பினால் அழுதுவிடுவாள்.

படங்கள் ஸ்டூடியோவிலிருந்து வந்தன. ஐயர் வெறும் புகை. மணமக்கள் இருந்த இடத்தில் இரண்டு மாவுருண்டை. மகள் எது, குத்துவிளக்கு எது என்று பெற்றவளுக்கே தெரியவில்லை.

தாலி கட்டும் படத்தில் மட்டும் அந்த மாவுருண்டைகளுக்குப் பின்னால் கோயில் வாசல் திறந்திருந்தது. வாசலுக்கு அப்பால் சாலை. சாலையையும் தாண்டி எதிர்ச் சந்து முனையில் ஒருவன் பளிச்சென்று விழுந்திருந்தான். பட்டு வேட்டி, கையில் சீர்த்தட்டு. உள்ளே வர முடியாமல் நின்றுகொண்டிருந்தான் மருதப்பன். அவன் அழுதிருந்ததுகூடத் தெரிந்தது.

"வெளிச்சம் சரியில்ல," என்று முனகினார் அழகப்பன்.

சிவகாமசுந்தரி அந்தப் படத்தைக் கொண்டுபோய்க் கடைத் தராசுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"எதையும் எடை போட்டுப் பாக்கிறவராச்சே. என் தம்பி கையில இருக்கிற அந்தத் தட்டு என்ன கனம் இருக்கும்? பாத்துச் சொல்லுங்க."

குன்றிமணித் தங்கத்தையும் கண்ணாலேயே எடை சொல்கிற மனிதர், அந்தப் படத்தைக் கையில் எடுக்கக்கூட இல்லை.